காட்ஸில்லாவுக்கு முன்னாடி ஒரு ஆக்டோபஸ்

காட்ஸில்லாவை எல்லாருக்கும் தெரியும். படம் பார்க்காதவங்ககூட மீம்ல பார்த்திருப்பீங்க. ஆனா அதே படத்துக்கு முதல்ல பேசப்பட்ட மிருகங்கள்ல ஒண்ணு ஆக்டோபஸ்னு சொன்னா நம்புவீங்களா?

1954, ஜப்பானின் டோஹோ ஸ்டுடியோ. தயாரிப்பாளர் டொமொயுகி டனாகா இந்தோனேஷியாவோட சேர்ந்து எடுக்க இருந்த ஒரு படம் நின்னு போச்சு. அதுக்குப் பதிலா அவசரமா வேற படம் வேணும். அந்த வருஷம் மார்ச் 1-ஆம் தேதிதான் அமெரிக்கா பிகினி தீவில் ஹைட்ரஜன் குண்டை வெடிச்சது. கதிரியக்கச் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகு மேல விழுந்தது. நாடே பயந்து கிடந்தது. கடலடியில் தூங்கிக்கிட்டிருந்த ஒரு ராட்சத மிருகத்தை அந்தக் குண்டு எழுப்பிவிட்டா? இதுதான் டனாகாவின் ஐடியா.

என்ன மிருகம்? ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் பார்த்த எய்ஜி சுபுராயாவிடம் சில வருஷங்களுக்கு முன்னாடியே எழுதி வெச்ச ஒரு கதைச் சுருக்கம் இருந்தது. இந்தியப் பெருங்கடலில் கப்பல்களைத் தாக்கும் ராட்சத ஆக்டோபஸ். ஆனா டனாகா டைனோசர் மாதிரி மிருகத்தைத்தான் எடுத்துக்கிட்டார். ஆக்டோபஸ் படமாகவே இல்லை.

சரி, அது ஓகே ஆகியிருந்தா? நீங்கதான் டிசைன் எஞ்சினியர்னு வெச்சுக்கோங்க. குண்டு வெடிச்சது மார்ச், படம் ரிலீஸ் நவம்பர் 3. கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் கிடையாது. எப்படி அசைய வைப்பீங்க? மூணு வழியைப் பார்க்கலாம்.

வழி 1: ஸ்டாப் மோஷன்

பொம்மையைக் கொஞ்சம் நகர்த்தி ஒரு ஃபிரேம், திரும்பக் கொஞ்சம் நகர்த்தி அடுத்த ஃபிரேம். 1933-இல் வந்த 'கிங் காங்' இப்படித்தான் எடுத்தாங்க. சுபுராயாவுக்கு உயிரான படம் அது. அதனால காட்ஸில்லாவையும் அப்படியே எடுக்க ஆசைப்பட்டார். ஆனா முடிக்க ஏழு வருஷம் ஆகும்னு அவரே சொன்னதா சொல்வாங்க.

கணக்குப் போட்டுப் பாருங்க. ஒரு செகண்டுக்கு 24 ஃபிரேம், ஒரு நிமிஷத்துக்கு 1,440. ஆக்டோபஸுக்குக் கை எட்டு. ஃபிரேமுக்கு ஒவ்வொரு கையையும் ஒரு தடவை தொட்டாலே ஒரு நிமிஷப் படத்துக்கு 11,520 அசைவு. அதிலும் அந்தக் கையில் எலும்பு கிடையாது, மூட்டு கிடையாது, எந்த இடத்திலும் வளையும். நம்ம ரோபாட்டிக்ஸ் பேப்பர்ல ஆறு டிகிரி ஆஃப் ஃப்ரீடம் வந்தாலே தலை சுத்தும். இதுக்கு எண்ணிக்கையே கிடையாது.

இது சும்மா பயமுறுத்துற கணக்கு இல்லை. 1955-இல் அமெரிக்காவில் ரே ஹாரிஹவுசன் ஸ்டாப் மோஷனில் ஒரு ராட்சத ஆக்டோபஸ் செஞ்சார். அந்தக் கலையில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனா பட்ஜெட் பத்தலை. படத்தை நிறுத்திப் பார்த்து எண்ணுங்க, அந்த ஆக்டோபஸுக்கு ஆறு கைதான்!

வழி 2: நிஜ ஆக்டோபஸ்

மினியேச்சர் செட்டுக்குள்ள உயிருள்ள ஆக்டோபஸை விட்டுடலாமே? 1962-இல் 'கிங் காங் வெர்சஸ் காட்ஸில்லா' படத்தில் சுபுராயா இதையே செஞ்சார். சின்னச் சின்னக் குடிசைகள் நடுவுல நிஜ ஆக்டோபஸ். பார்க்க அருமையா இருக்கும், ஏன்னா தோலும் நெளிவும் நிஜம். பிரச்சனை என்னன்னா, அதுக்கு ஸ்கிரிப்ட் தெரியாது. சூடான காத்தை ஊதி ஊதித்தான் நகர வெச்சாங்களாம். ஷூட்டிங் முடிஞ்சதும் அதுல ஒண்ணு சுபுராயாவுக்கு டின்னர் ஆச்சுன்னும் ஒரு கதை உண்டு.

இன்னொரு பிரச்சனை, தரைக்கு வந்ததும் அது துவண்டு போயிடும். அதையே 25 மடங்கு பெருசாக்கினா? எடை 25-இன் கனம், அதாவது 15,625 மடங்கு ஆகும். தசையோட பலம் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது, அதனால அது 625 மடங்குதான் ஏறும். தாங்க வேண்டிய பாரம் பலத்தை விட 25 மடங்கு வேகமா ஏறிடுது. ஒரு ராட்சத ஆக்டோபஸ் நிஜமாவே ஊருக்குள்ள வந்தா கட்டடத்தை இடிக்காது, கடற்கரையிலேயே ஜெல்லி மாதிரி பரவிக் கிடக்கும்.

வழி 3: உள்ளே ஒரு மனுஷன்

டோஹோ கடைசியா போனது இந்த வழிதான். ரப்பர் சூட்டுக்குள்ள ஒரு நடிகர். டைனோசர் உடம்பு இங்கேதான் ஜெயிக்குது. படத்தில் காட்ஸில்லாவின் உயரம் 50 மீட்டர், செட் 1:25 அளவு. 50-ஐ 25-ஆல் வகுத்தா 2 மீட்டர். சூட் போட்ட ஒரு ஆள்! ரெண்டு கால்ல நிக்கும், ரெண்டு கை இருக்கும், வாலை மட்டும் கம்பி கட்டி ஆட்டணும். ஆக்டோபஸ் உடம்புக்குள்ள மனுஷன் எங்கே நிப்பான்?

சூட்டும் சுலபமா வரலை. முதல் சூட் சுமார் 100 கிலோ. உள்ளே இருந்த ஹருவோ நகாஜிமாவால ஒழுங்கா நடக்க முடியலை. அதனால எடை குறைச்சு இன்னொண்ணு செஞ்சாங்க. நகாஜிமா மிருகக்காட்சி சாலைக்குப் போய் விலங்குகள் நடக்கிறதைப் பார்த்துப் பழகினார்.

வேகத்துக்கும் ஒரு கணக்கு இருக்கு. ஒரு பொருள் விழ எடுக்கிற நேரம் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 1:25 மாடல் கட்டடம் நிஜத்தை விட 5 மடங்கு சீக்கிரம் விழுந்துடும், பார்த்ததுமே பொம்மைன்னு தெரிஞ்சுடும். அதை மறைக்கணும்னா, கணக்குப்படி செகண்டுக்கு 24-க்குப் பதிலா 120 ஃபிரேம்ல எடுத்து மெதுவா ஓட்டணும். கட்டடத்துக்கு இது சரிப்படும். தண்ணிக்கு முழுசா சரிப்படாது. பரப்பு இழுவிசை ஸ்கேலைப் பார்க்காதே! சின்னத் தொட்டியிலும் நிஜக் கடலிலும் துளி கிட்டத்தட்ட ஒரே சைஸ். ஆக்டோபஸ் கதையோ முழுக்கக் கடல், கப்பல்.

அப்போ இதுல இருந்து என்ன தெரியுது? ராட்சத மிருகத்தை டிசைன் பண்றப்போ முதல் கேள்வி 'எப்படி இருக்கும்?' இல்லை, 'இதை எது அசைக்கப் போகுது?' அதுக்குப் பதில் கிடைச்ச பிறகுதான் முகம், பல், செதில் எல்லாம். காட்ஸில்லாவின் தோல்கூட அப்புறம் வந்த முடிவுதான். அணுகுண்டில் பிழைச்சவங்க உடம்புத் தழும்புகளை ஞாபகப்படுத்துற மாதிரி அதைச் செஞ்சாங்க.

இதை ஏன் இவ்வளவு தோண்டிப் படிச்சேன்னு சொல்லிடறேன். ஃபைனல் இயர் புராஜெக்டுக்கு நான் கொண்டு போனது ஆக்டோபஸ் கை மாதிரி வளையுற ஒரு சிலிக்கோன் கிரிப்பர். ஜீரோத் ரிவியூல ஒரே கேள்வி: "இதை எது அசைக்கும்?" எனக்குப் பதில் தெரியலை. இப்போ ரெண்டு விரல், ஒரு சர்வோ மோட்டார்னு சாதாரண கிரிப்பர் பண்ணிக்கிட்டிருக்கேன். அன்னிக்கு ஹாஸ்டலுக்கு வந்து சாப்பிடக்கூட இல்லை. இப்போ யோசிச்சா, அந்தக் கேள்வி சரியான கேள்விதான்.

சுபுராயா என்ன பண்ணார் தெரியுமா? கிடைச்ச டைனோசரை உலகமே பேசுற மாதிரி செஞ்சார், ஆனா ஆக்டோபஸை விடலை. 1962-இல் குடிசைகளுக்கு நடுவுல நெளிய விட்டார். 1965-இல் ஃபிராங்கன்ஸ்டைன் படத்துக்கு ஒரு ஆக்டோபஸ் கிளைமாக்ஸே எடுத்தாங்க, தியேட்டருக்கு வந்த பிரதியில் அது இல்லை. 1966-இல் 'வார் ஆஃப் தி கர்காண்டுவாஸ்'. படத்தின் முதல் காட்சியே ராத்திரி, கடல், ஒரு கப்பல், அதைச் சுத்தி வளைக்கிற ராட்சத ஆக்டோபஸ் கை. 1954-இல் ஒதுக்கி வெச்ச காட்சி, 12 வருஷம் கழிச்சு.

என் லேப்டாப்ல 'ஆக்டோபஸ்'னு ஒரு ஃபோல்டர் இன்னும் இருக்கு. உங்ககிட்டயும் அப்படி ஒண்ணு இருந்தா டெலீட் பண்ணிடாதீங்க. அதை எது அசைக்கும்னு மட்டும் யோசிச்சுக்கிட்டே இருங்க.