படப்பிடிப்புத் தளமும் சட்டப் பொறுப்பும்

வெள்ளித்திரையின் ஒளிக்குப் பின்னே விளக்கமைப்போர், தச்சர், கிரேன் இயக்குவோர் எனப் பலரின் உழைப்பு மறைந்து நிற்கின்றது. 2020 பிப்ரவரி 19 அன்று, சென்னையை அடுத்து நடைபெற்ற ‘இந்தியன் 2’ படப்பிடிப்பில் கிரேன் சாய்ந்து மூவர் உயிரிழந்தனர். இத்தகைய விபத்தில் இழப்பீட்டிற்குப் பொறுப்பாளர் யார்? ஆட்களை அனுப்பிய ஒப்பந்தக்காரரா, தயாரிப்பாளரா?

1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் திரைப்படத் தயாரிப்புப் பணியாளரையும் உள்ளடக்கி விடை பகர்ந்தது. பணியின் காரணமாகப் பணியின்போது விபத்து நேர்ந்தால், முதலாளியின் கவனக்குறைவை மெய்ப்பிக்க வேண்டுவதில்லை. தம் தொழிலின் ஒரு பகுதியை ஒப்பந்தக்காரரிடம் விட்டவரும் பொறுப்பினின்று நீங்கார். தொழிலாளிக்கு ஈடு செய்துவிட்டு, அத்தொகையை ஒப்பந்தக்காரரிடம் பெற்றுக்கொள்ளலாம். பாதுகாப்பு விதியைத் தொழிலாளி வேண்டுமென்றே மீறினார் என்னும் வாதமும், மரணமோ நிலையான முழு ஊனமோ நேர்ந்தவிடத்துச் செல்லாது. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இந்நெறியையே தொடர்கின்றது.

எனினும், இழப்பீடு மாத ஊதியத்தையும் வயதையும் கொண்டே கணக்கிடப்படும். நாட்கூலி பெறுபவர் அத்தளத்தில் பணியாற்றினார் என்பதற்கே சான்றில்லையெனில், குடும்பம் எதைக் காட்டி வழக்குரைக்கும்? 1981ஆம் ஆண்டின் திரைப்படத் தொழிலாளர் சட்டம் எழுத்து வடிவ ஒப்பந்தத்தை வற்புறுத்தியதன் பயன் இங்கேதான் விளங்கும். உரிமையைத் தருவது சட்டம். அதனைக் கைக்கு எட்டச் செய்வது ஒரு துண்டுத் தாள்.