மூழ்கப் போகிறவனுக்கு மிதவை எதற்கு?

“தண்ணிக்குள்ள முங்கப் போறவனுக்கு மிதவைச் சட்டை எதுக்குடா?” என்று என் தாயார் கேட்டார். பெங்களூரில் ஒரு கடையில் வாங்கி வந்த சாதனத்தைக் கூடத்தில் பிரித்து வைத்து, அதன் வார்களையும் குழாய்களையும் பார்த்து நான் பூரித்துக் கொண்டிருந்த நேரம் அது. சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. பதில் தெரியாமலேயே அதை வாங்கி வந்திருக்கிறேன் என்பது நேத்ராணிக் கடலில்தான் புரிந்தது.

கர்நாடகக் கடற்கரையில் முருடேஸ்வரிலிருந்து ஏறத்தாழ 19 கிலோ மீட்டர் தொலைவில், அரபிக் கடலில் உள்ள சிறு தீவு நேத்ராணி. மழைக்காலம் நீங்கலாக மற்ற மாதங்களில் ஸ்கூபா முக்குளிப்புக்காக அங்கே படகுகள் செல்கின்றன. பெங்களூரில் இரவு பஸ் ஏறினால் மறுநாள் கடலில் இருக்கலாம். ஆகவே இங்குள்ள நம்மவர்களில் சிலர் இந்தப் பொழுதுபோக்கில் இறங்கியிருக்கிறார்கள். பயிற்சி முடிந்து சான்றிதழ் கைக்கு வந்ததும் அவர்கள் முதலில் கேட்பது, “எந்த மாதிரி பி.சி. வாங்கலாம்?” என்பதுதான்.

பி.சி. என்றால் பாயன்ஸி காம்பென்ஸேட்டர். அதாவது, மிதப்பைச் சரிக்கட்டும் சாதனம். கை இல்லாத சட்டை போல உடம்பில் மாட்டிக் கொள்ள வேண்டும். முதுகில் காற்றுச் சிலிண்டரைத் தாங்குவது அதுதான். அதற்குள் ஒரு காற்றுப்பை உண்டு. ஒரு பொத்தானை அமுக்கினால் சிலிண்டரிலிருந்து காற்று பைக்குள் போகும். மற்றொன்றை அமுக்கினால் வெளியேறும்.

அன்று நடந்தது

கடைக்காரர் “பெரிய சைஸாக வாங்குங்கள், எல்லாவற்றுக்கும் உதவும்” என்றார். நானும் நம்பினேன். கடலில் இறங்கும்போது இடுப்பு பெல்ட்டில் எட்டு கிலோ ஈயக் கட்டிகளைக் கோத்துக் கொண்டேன். எடை கூடுதலாக இருந்தால் சுலபமாக இறங்கலாம் என்பது என் கணக்கு.

இறங்கியதில் குறையில்லை. திரும்பும் நேரத்தில்தான் வினை வந்தது. சுமார் பத்து மீட்டர் ஆழத்திலிருந்து சற்று மேலே எழும்பினேன். உடனே சட்டை தொளதொளவென்று உப்பி, தோளை விட்டு ஏறிக் காதை முட்டியது. காற்றை வெளியேற்றும் பொத்தானை அமுக்கினேன். குழாயை உயர்த்திப் பிடித்தால்தான் காற்று போகும் என்பது அந்தப் பதற்றத்தில் மறந்துவிட்டது. வேகம் கூடிக் கொண்டே போயிற்று. கூட வந்த பயிற்சியாளர் என் காலைப் பிடித்து நிறுத்தி, சட்டையின் பின்புறம் கீழே தொங்கிய கயிற்றை இழுத்துக் காற்றை விட்டார்.

அவர் குமரி மாவட்டத்து இளைஞர். படகில் ஏறியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, “அண்ணே, மேலே வரும்போது மூச்சை விட்டுக்கிட்டே வந்தீங்களா?” என்பதுதான். விட்டுக் கொண்டுதான் வந்தேன். மூச்சை அடக்கியிருந்தால், விரியும் காற்று நுரையீரலைக் கிழித்திருக்கக் கூடும். ஸ்கூபாவில் முதல் பாடமே இதுதான்.

“சட்டையும் உங்களது இல்லை, எடையும் உங்களது இல்லைண்ணே. நாலு கிலோ போதும் உங்களுக்கு” என்றார் அவர்.

கல்லும் காற்றும்

தூத்துக்குடியில் முத்துக்குளித்தவர்கள் கல்லின் கனத்தால் விரைவாக அடிக்குச் சென்றார்கள். சிப்பிகளை அள்ளியபின், படகில் இருப்பவர் கயிற்றை இழுக்க மேலே வந்தார்கள். எல்லாம் ஒரே மூச்சில் முடிந்துவிடும். நடுவில் நிற்க வேண்டிய தேவையே அவர்களுக்கு இல்லை. ஆனால் 1943-இல் குஸ்தோவும் கான்யானும் பிரான்ஸில் உருவாக்கிய சுவாசக் கருவி, மனிதனை நெடுநேரம் கடலுக்கடியில் இருக்க வைத்தது. அப்போதுதான், மூழ்காமலும் மிதக்காமலும் நடுவில் நிற்பது எப்படி என்ற பிரச்னை எழுந்தது. பல மீன்களுக்கு வயிற்றுக்குள் ஒரு காற்றுப்பையை வைத்து இயற்கை இதைத் தீர்த்திருக்கிறது. நமக்கு அது சட்டையில் இருக்கிறது. என் தாயாரின் கேள்விக்குப் பதில் இதுவே.

பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதைப் போல இரு மடங்கு. அங்கே பையில் நாலு லிட்டர் காற்று இருந்தால், மேல்மட்டத்துக்கு வரும்போது அது எட்டு லிட்டராக விரியும். ஒரு லிட்டர் காற்று ஏறத்தாழ ஒரு கிலோவைத் தூக்கும். நான் தேவையின்றிக் கட்டிய நாலு கிலோ ஈயத்துக்கு ஈடாக, பையில் நாலு லிட்டர் காற்றைக் கூடுதலாக நிரப்பியிருந்தேன். மேலே வர வர விரிந்து என்னை இழுத்துச் சென்றது அந்தக் காற்றுதான்.

இன்னொரு கணக்கும் உண்டு. வழக்கமான 11 லிட்டர் அலுமினிய சிலிண்டரில் நிரப்பும் காற்றுக்கும் எடை இருக்கிறது. முக்குளிப்பு முடிவதற்குள் அதில் சுமார் இரண்டு கிலோ மூச்சாகப் போய்விடும். அழுத்தத்தில் சுருங்கும் ரப்பர் உடையின் மிதப்புக் குறைவையும் சேர்த்தால், நம் வெதுவெதுப்பான கடலில் பி.சி. சரிக்கட்ட வேண்டியது மூன்று நான்கு கிலோதான். நீர்மட்டத்தில் தலையைத் தூக்கி வைத்துக் கொள்ளவும் சேர்த்து, 12 முதல் 15 கிலோ தூக்கும் பை பெரும்பாலோருக்குத் தாராளம். அதற்கு மேல் பெரிதாக இருந்தால் காற்று அங்குமிங்கும் உருளத்தான் இடம் கிடைக்கும்.

மூன்று வகைகள்

ஆரம்பத்தில் காற்றுப்பை கழுத்தில்தான் இருந்தது. 1960-களில் ஐரோப்பாவில் ஃபென்ஸி என்ற பெயரில் பரவிய அந்தப் பை, குதிரையின் கழுத்தில் மாட்டும் வளையம் போல இருக்கும். 1971-இல் ஸ்கூபாப்ரோ நிறுவனம் அதைச் சட்டை வடிவத்துக்கு மாற்றியது. இன்று கடைகளில் பெரும்பாலும் கிடைப்பவை மூன்று வகை.

முதலாவது ஜாக்கெட். காற்று முதுகிலும் விலாப் பக்கங்களிலும் நிரம்பும். நீர்மட்டத்தில் நிமிர்ந்து நிற்க வைக்கும். புதியவர்களுக்குத் தைரியம் தரும். பயிற்சி நிலையங்கள் பலவும் இதைக் கொடுப்பது இதனால்தான். நிறையக் காற்று அடைத்தால் விலாவை அமுக்கி மூச்சைத் திணற வைப்பது இதன் குறை.

இரண்டாவது, காற்று முழுவதும் முதுகுப் பக்கம் மட்டும் நிரம்பும் வகை. மார்பும் விலாவும் தாராளமாக இருக்கும். கடலடியில் உடல் படுத்தவாக்கில் நிற்கும். கால் தாழ்ந்து பவளத்தை உதைக்காது. ஆனால் நீர்மட்டத்தில் அளவு மீறிக் காற்று அடைத்தால் முகத்தை முன்னுக்குத் தள்ளும். சற்றுப் பின்னால் சாய்ந்து, காற்றைக் குறைத்து வைத்தால் சரியாகிவிடும். இரண்டொரு தடவையில் பழகிவிடும்.

மூன்றாவது, முதுகுத் தகடும் இறக்கையும். ஓர் உலோகத் தகடு, ஒரே நீளப் பட்டையில் தோள் வார், பின்னால் இறக்கை போன்ற காற்றுப்பை, அவ்வளவுதான். தொடைகளுக்கு நடுவே நம் கோவணம் போல ஒரு பட்டை வரும். சட்டை மேலே ஏறாமல் அது பிடித்துக் கொள்ளும். பட்டையை ஒருமுறை அளவெடுத்துக் கட்டினால் எந்த உடம்புக்கும் பொருந்தும். பழுதானால் அந்த உறுப்பை மட்டும் மாற்றலாம். எஃகுத் தகடு இரண்டரை, மூன்று கிலோ இருப்பதால் அந்த அளவுக்கு ஈயம் குறையும். அலுமினியத் தகடு பிரயாணத்துக்கு இலேசு. முதல்முறை பட்டையைச் சரிசெய்ய, தெரிந்தவர் துணை வேண்டும்.

ஒன்றை மறக்கக் கூடாது. இம்மூன்றில் எதுவும் உயிர்காப்பு மிதவை ஆகாது. நினைவிழந்தவரின் முகத்தை நீருக்கு மேலே வைத்திருக்கும் என்று எதையும் நம்பிவிட முடியாது.

எதை எடுப்பது?

ஆண்டுக்கு இரண்டு மூன்று தடவை போகிறவர்கள் வாடகைக்கு எடுப்பதே உத்தமம். முகக் கண்ணாடியையும் காலில் மாட்டும் துடுப்பையும் முதலில் வாங்குங்கள். மூன்று வகை பி.சி.யையும் வாடகைக்கு மாட்டிப் பார்த்த பிறகு கடைக்குப் போங்கள். அந்தமானுக்கு விமானத்தில் செல்பவர்கள் எடையையும் பார்க்க வேண்டும். உள்நாட்டு விமானங்களில் சாதாரணமாக 15 கிலோ சாமான்தான் இலவசம்.

கடையில் கண்ணாடி முன் நின்று அழகு பார்ப்பதைவிட, ரப்பர் உடையோடு மாட்டிக் கொண்டு வாயால் ஊதி நிரப்பச் சொல்லுங்கள். பை நிறைந்த நிலையிலும் ஆழமாக மூச்சு இழுக்க முடிய வேண்டும். இன்னொருவரை விட்டுத் தோள் வார்களை மேலே தூக்கச் சொல்லுங்கள். சட்டை காதுக்கு ஏறினால் அது உங்களுடையது அல்ல. கண்ணை மூடிக் கொண்டு காற்று விடும் குழாயையும் கயிறுகளையும் தொட்டுப் பாருங்கள். உயரம் குறைந்த பெண்கள், முதுகு நீளத்துக்கு ஏற்ற சிறிய அளவைக் கேட்டு வாங்க வேண்டும். ஆண்களுக்கான சட்டையை வாரால் இறுக்கிக் கட்டிச் சமாளிப்பது சரிப்படாது.

சட்டைக்கு முன்னால் எடையைச் சரிபாருங்கள். சிலிண்டரில் 50 பார் காற்று மீதமிருக்கும்போது, பையைக் காலியாக்கி, சாதாரண மூச்சை உள்ளே வைத்து நில்லுங்கள். நீர்மட்டம் கண்ணுக்கு நேராக நிற்க வேண்டும். மூச்சை விட்டால் மெல்ல இறங்க வேண்டும். அதுவே உங்கள் எடை. பெங்களூர் நீச்சல் குளத்தில் சரிபார்த்தவர்கள், உப்புத் தண்ணீருக்காக இரண்டு, மூன்று கிலோ கூட்டிக் கொள்ள வேண்டும்.

உபயோகித்த பின் சட்டையை வெளியே மட்டுமின்றி, பையின் உள்ளேயும் நல்ல தண்ணீர் விட்டு அலச வேண்டும். உப்பு படிந்தால் பொத்தான் சிக்கிக் கொள்ளும். காற்று தானாக நிரம்பிக் கொண்டே போனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

அடுத்த பருவத்தில் வாடகைக்கு எடுத்த சிறிய ஜாக்கெட்டும் நாலு கிலோ ஈயமுமாக அதே இடத்தில் இறங்கினேன். ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நின்றுவிட்டு மேலே வருவது வழக்கம். அன்று அந்த மூன்று நிமிடமும் பொத்தானைத் தொடவே இல்லை. மூச்சை இழுத்தால் ஒரு சாண் ஏறினேன்; விட்டால் ஒரு சாண் இறங்கினேன். பெரிய சட்டை இன்னும் வீட்டுப் பரணில் இருக்கிறது. வாங்க வருகிறவர்களிடம் முதலில் உயரத்தைக் கேட்கிறேன்.