பெரிய நடுக்கத்தைச் சின்னதாகச் சொன்ன கருவிகள்

2011 மார்ச் 11, பிற்பகல் 2.46. வடகிழக்கு ஜப்பானின் கரைக்கு அப்பால், கடலடியில் தட்டுகள் வழுக்கின. மூன்றே நிமிடத்தில் ஜப்பான் வானிலை முகமை அளவைச் சொல்லிவிட்டது: 7.9. உண்மையில் அது 9.0. இந்த அளவுகோலில் 1.1 கூடுதல் என்றால் வெளிப்பட்ட ஆற்றல் ஏறக்குறைய 45 மடங்கு. 7.9-ஐ நம்பி மியாகி மாகாணத்துக்கு 6 மீட்டர், இவாதே, ஃபுகுஷிமாவுக்கு 3 மீட்டர் என்று சுனாமி எச்சரிக்கை போனது. ஊருக்கு ஊர் கருவி வைத்திருக்கும் நாடு ஏன் தடுமாறியது?

நிலநடுக்கமானிக்குள் இருப்பது ஸ்பிரிங்கில் தொங்கும் ஓர் எடை. தரை ஆடும்போது வெளிச்சட்டம் கூடவே ஆடும், எடை பின்தங்கும். அந்த விலகலைக் காந்தமும் கம்பிச்சுருளும் மின்சாரமாக்கித் தரும். வேகமான அலை, மெதுவான அலை இரண்டையும் பதியும் இன்றைய ‘பிராட்பேண்ட்’ கருவிகளில் எடையை நகரவிடாமல் ஒரு மின்விசை பிடித்துக்கொண்டே இருக்கும். பிடித்து நிறுத்த எவ்வளவு விசை செலவாகிறது என்பதுதான் பதிவு. பூமியின் மறுபக்கத்து நடுக்கம்கூட இதில் தெரிந்துவிடும். வம்பும் அங்கேதான். தங்கம் நிறுக்கும் தராசில் நெல் மூட்டையை வைத்த கதையாக, பக்கத்திலேயே பெரும் நடுக்கம் வந்தால் கருவி தன் எல்லையில் முட்டி நின்றுவிடும். வரைபடத்தில் அலையின் உச்சி கத்தரித்தாற்போல் தட்டையாக இருக்கும். அன்று ஜப்பானில் இருந்த பிராட்பேண்ட் கருவிகளுக்கு நேர்ந்தது இதுதான்.

கடும் ஆட்டத்துக்கென்றே முடுக்கமானிகள் உண்டு. செல்போனைச் சாய்த்தால் திரை திரும்புகிறதே, அதற்குக் காரணமான சில்லும் இந்த இனம்தான். முடுக்கமானி எவ்வளவு ஆட்டினாலும் எளிதில் எல்லை முட்டாது. ஆனால் தரை எத்தனை மீட்டர் நகர்ந்தது என்று அதனிடம் கேட்டால் சிக்கல்: முடுக்கத்திலிருந்து வேகம், வேகத்திலிருந்து தூரம் என்று இருமுறை கணக்குப் போட வேண்டும்; கருவி இம்மி சாய்ந்திருந்தாலும் பிழை பெருகிக்கொண்டே போகும். பேரளவு நடுக்கத்தைக் காட்டிக்கொடுப்பதோ மெதுவான, நீண்ட அலைகள். குறுகிய அலைகளை மட்டும் பார்த்துக் கணித்தால் 8-க்கு மேல் எல்லாம் ஒரே மாதிரி தெரியும். அவசரத்தில் கிடைத்த 7.9 அப்படி வந்த எண்.

இந்த இடத்தில் கைகொடுப்பது ஜிபிஎஸ். ஓஷிகா தீபகற்பத்து நிலையம் அன்று 5 மீட்டருக்கு மேல் கடல் பக்கம் நகர்ந்து, ஒரு மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. அதை ஜிபிஎஸ் அப்படியே பதிந்துவைத்தது. சிறு நடுக்கங்களுக்கு உதவாது, அவ்வளவுதான். கமாய்ஷி நகரத்துக்கு அப்பால் கடலில் மிதந்த ஜிபிஎஸ் மிதவை ஒன்று 6 மீட்டருக்கும் மேல் எழும்பியது. அதைப் பார்த்துத்தான் 3.14-க்கு மியாகியின் எச்சரிக்கை 10 மீட்டருக்கு உயர்ந்தது. மின்சாரம் போன ஊர்களில் பலருக்கு முதல் எண்ணே கடைசி எண்ணாகிவிட்டது.

இது ஜப்பானுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 2004 டிசம்பர் 26 சுமத்ரா நடுக்கத்துக்கு, ஹவாயிலுள்ள பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் முதலில் சொன்னது 8.0, பின்னால் அது 9-ஐத் தாண்டியது. தமிழகக் கரைக்கு அலை வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தும், அதைச் சொல்ல இந்தியப் பெருங்கடலில் ஏற்பாடே இல்லை. ஹைதராபாத்தில் சுனாமி மையம் வந்தது 2007-ல்.

2011-க்குப் பிறகு ஜப்பான் பசிபிக் கடலடியில் எஸ்-நெட் என்ற கேபிள் வலையை விரித்தது. 150 இடங்களில் நிலநடுக்கமானியோடு நீரழுத்தமானியும் உண்டு. மேலே அலை உயர்ந்தால் அடியில் அழுத்தம் கூடும்; நடுக்கத்தின் அளவை ஊகிக்காமலே அலையை அளந்துவிடலாம். கரைக்கருவிகளைவிட நடுக்கத்தை அதிகபட்சம் 30 விநாடியும், சுனாமியை 20 நிமிடமும் முன்னதாக உணர முடியும் என்பது கணக்கு.

கேபிளைவிட எனக்கு முக்கியமாகப் படுவது 2013-ல் வந்த ஒரு விதிமாற்றம். நடுக்கம் 8-ஐத் தாண்டக்கூடும் என்று சந்தேகம் வந்தால் முதல் எச்சரிக்கையில் மீட்டர் கணக்கே கிடையாது. ‘பிரம்மாண்ட அலை’ என்ற பொருளில் மட்டும் அறிவிப்பு போகும். அளவு பிடிபட்ட பிறகுதான் எண்.