மணிலாக் கப்பல் – 14: வாழை இனத்து நாரில் நின்ற பாய்மரம்

மாதிரிக் கப்பலின் உடல் கட்டுமானம் போன வாரத்தோடு முடிந்தது. அகலம் ஒன்று, ஏரா என்ற அடிமரம் இரண்டு, மொத்த நீளம் மூன்று என்ற ஸ்பானியத் தச்சர்களின் பழைய விகிதம் தொடர்ந்து படிப்பவர்களுக்கு நினைவிருக்கும். இந்த வாரம் பாய்கள் என்று சொல்லியிருந்தேன். ஆனால் பாயைத் தாங்கும் கயிற்றைத் தாண்டி நகர முடியவில்லை. பிலிப்பைன்ஸில் கட்டிய, காலியன் என்ற ஸ்பானியப் பெருங்கப்பல்களுக்குக் கயிறு திரித்தது அபகா என்ற நாரில். அபகா வாழை இனம். முசா டெக்ஸ்டிலிஸ் என்பது தாவரவியல் பெயர். பார்வைக்கு நம் கொல்லை வாழை போலவே இருக்கும், பழம்தான் தின்ன உதவாது. தண்டை வெட்டி, மட்டையை உரித்து, பட்டையைக் கத்தி விளிம்புக்கடியில் வைத்து இழுத்தால் சதை வழிந்துபோய் நார் மட்டும் கையில் நிற்கும். ஓர் இழை மூன்று மீட்டர் வரைகூட நீளும். காய்ந்த வாழை நாரை நனைத்து, நகத்தால் கீறி, மல்லிகை கட்டுகிற நமக்கு இது புரியாத பொருளல்ல. அதன் ஒன்றுவிட்ட தம்பியைக் கொண்டுதான் 1565 முதல் 1815 வரை, 250 ஆண்டுகள், பிலிப்பைன்ஸிலிருந்து மெக்சிகோவின் அகாபுல்கோ வரை பசிபிக் பெருங்கடலைக் கடந்தார்கள். கிழக்கு நோக்கிய பயணம் நான்கைந்து மாதம், சில சமயம் அதற்கும் மேல். அத்தனை நாளும் பாய்மரம் சாயாமல் நின்றது இந்த நாரை நம்பித்தான்.

மாதிரிக் காலியனின் சரித்திர உண்மையை முதலில் கயிற்றில் தேட வேண்டும், பிறகுதான் மரத்தில் என்பது என் கட்சி. காரணம் எளிது. உடலைப் பொறுத்தவரை நம்மிடம் இருப்பது பெரும்பாலும் விகிதங்கள். தியேகோ கார்சியா தெ பலாசியோ 1587இல் மெக்சிகோவில் அச்சிட்ட நூலில் கப்பல் படங்கள் உண்டு. தோமே கானோவின் நூல் 1611இல் வந்தது. 1607, 1613, 1618 ஆண்டுகளின் அரசாணைகள் 'கோதோ' என்ற முழக்கணக்கில், ஒரு கோதோ சுமார் 57.5 செ.மீ., அளவுகளை விதிக்கின்றன. ஆனால் அந்தக் காலத் தச்சர் முழு வரைபடத்தைப் பார்த்துக் கட்டியவரல்ல. விகிதமும் கண்ணளவும்தான் அவருடைய கருவிகள். எனவே இன்று எவ்வளவு கவனமாக வங்குகளை வளைத்துப் பலகை ஒட்டினாலும், அந்த வளைவு ஒரு நல்ல ஊகமாகவே இருக்கும். சந்தையில் பெயர் பெற்ற 'சான் பெலிப்பே 1690' பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். உலகெங்கும் எத்தனையோ வீடுகளின் கூடத்தை அலங்கரிக்கும் மாதிரி அது. அப்படி ஒரு கப்பல் இருந்ததா என்றே ஆய்வாளர்கள் பலர் ஐயப்படுகிறார்கள். கயிறு அப்படியல்ல. எந்த நார், எந்தப் பக்கம் முறுக்கு, பாய்மரத்துக்கு எத்தனை பங்கு தடிமன் என்ற மூன்றையும் கணக்கிட்டு நெருங்கிவிடலாம்.

நிறத்திலிருந்து தொடங்குவோம். ஐரோப்பியக் கப்பல்களில் பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கும் நிலைவடங்கள் சணல் வகை நாரால் ஆனவை. அது ஈரத்தில் மக்கும். அதனால் தாரில் ஊறப்போட்டார்கள், நிறம் கருத்தது. பெட்டியில் வரும் கறுப்பு நூல் அந்த வழக்கத்தின் நகல். அபகா உப்புநீருக்கு எளிதில் மசியாத நார். நிறம் வைக்கோல் வெளுப்பு, மெல்லிய மினுமினுப்பும் உண்டு. ஆகவே மணிலாக் கப்பலுக்கு மைக் கறுப்பில் நிலைவடம் கட்டுவது தவறு என்கிறேன். ஸ்பெயினிலிருந்து சணல் வந்திருக்கக்கூடாதா என்று கேட்கலாம். அட்லாண்டிக்கைக் கடந்து, மெக்சிகோவைத் தரைவழியே தாண்டி, மறுபடி பசிபிக்கைக் கடந்து கயிறு வரவேண்டும். காட்டில் அபகா வளர்கிற நாட்டில் அந்தச் செலவை யார் செய்வார்கள்? வெயிலுக்கும் உராய்வுக்கும் காப்பாக அபகா மேலேயே தார் பூசியிருக்கலாமே என்பது இன்னும் வலுவான கேள்வி. பூசியிருக்கலாம். ஆனால் மேலே பூசுவது வேறு, ஊறப்போடுவது வேறு. பூசினால் முறுக்கின் மேட்டில் பழுப்பும் பள்ளத்தில் கருமையுமாகத் திட்டுத் திட்டாகத்தான் நிற்கும். தேயிலைத் தண்ணீரில் நனைத்த நூல் அந்தத் தோற்றத்துக்கு மிக அருகில் வருகிறது.

இதெல்லாம் பள்ளிப்பட்டுக்காரர்களுக்கு எதற்கு என்றால், இரண்டு பதில். முதல் பதில் வரலாறு. 1762இல் ஆங்கிலப் படை மதராஸிலிருந்து கப்பலேறி, அக்டோபரில் மணிலாவைப் பிடித்தது. உடன் போன மதராஸ் சிப்பாய்களில் சிலர் ஊர் திரும்பவில்லை. மணிலாவுக்குக் கிழக்கே கைந்தா என்ற ஊரில் அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்றும் இருக்கிறார்கள். அதே அக்டோபர் கடைசியில் அந்தக் கடற்படையின் பேந்தர், ஆர்கோ என்ற இரு போர்க்கப்பல்கள் 'சாந்திசிமா திரினிதாத்' என்ற பெருங்காலியனை மடக்கின. அவை சுட்ட குண்டுகள் அதன் கெட்டி மரப் பக்கங்களைத் துளைக்கவில்லை. பிறகு எப்படிச் சிக்கியது? அகாபுல்கோவுக்குப் புறப்பட்ட அந்தக் கப்பல் புயலில் பாய்மரங்களை இழந்து, தற்காலிக மரங்களைக் கட்டிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தது. குண்டைத் தாங்கிய உடலுக்குத் தப்பி ஓடத் தெம்பில்லை. உடல்தான் கப்பல், கயிறும் மரமும் அலங்காரம் என்று வாதிடுபவர்கள் இந்தக் கதைக்குப் பதில் சொல்ல வேண்டும்.

மதராஸ் உறவு படையெடுப்போடு தொடங்கியதும் அல்ல. ஆங்கிலேயர் வெளிப்படையாக வணிகம் செய்ய ஸ்பானியர் விடாத மணிலாவில், மதராஸின் ஆர்மீனியர்களுக்குத் தடையில்லை. சோழமண்டலத் துணி போகும். காலியன் கொண்டுவந்த மெக்சிகோ வெள்ளி திரும்பும். அந்த மணிலா வணிகத்தில் செல்வம் சேர்த்த பெட்ரஸ் உஸ்கான்தான் 1726இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே மர்மலாங் பாலத்தைத் தன் பணத்தில் கட்டினார். இப்போது அங்கே மறைமலை அடிகள் பாலம். பழைய கல்வெட்டு மட்டும் பக்கத்தில் நிற்கிறது. காலியனின் வெள்ளி நம் ஆற்றின் மேல் பாலமாக நின்றதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா? இதற்கே ஒரு வாரம் ஒதுக்கலாம். இப்போதைக்குக் கயிற்றுக்குத் திரும்புகிறேன்.

இரண்டாவது பதில் நூல். பொதட்டூர்பேட்டைத் தறிக்காரருக்கு நூல் நம்பர் சொல்லித் தரவேண்டியதில்லை: ஒரு பவுண்டு எடையில் 840 கஜச் சிட்டம் நாற்பது நின்றால் அது நாற்பதாம் நம்பர். அந்த ஒற்றை இழையின் விட்டம் சுமார் 0.14 மி.மீ. எழுபத்தைந்தில் ஒரு பங்கு அளவு மாதிரியில் அதைப் பெருக்கிப் பாருங்கள்: ஒரு செ.மீ.க்குச் சற்று மேல். மாலுமி கால் வைத்து ஏறுகிற ஏணிக்கயிற்றின் தடிமன் ஏறக்குறைய அதுதான். அரை மி.மீ. நூலை அந்த இடத்தில் கட்டினால் நிஜ அளவில் 3.75 செ.மீ. ஆகிவிடும், கட்டைவிரலைவிடத் தடிமன். மறுகோடியில் நடுப் பாய்மரத்தை முன்னோக்கி இழுக்கும் பெருவடம். 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கப்பல்களின் கணக்கில் பாய்மர விட்டத்தில் பாதி அதன் சுற்றளவு. மரம் 90 செ.மீ. என்றால் வடத்தின் சுற்றளவு 45, விட்டம் 14 செ.மீ.க்கு மேல், மாதிரியில் 1.9 மி.மீ. ஆங்கிலக் கணக்கை ஸ்பானியக் கப்பலுக்குப் பொருத்துவது சரியா? முழுக்கச் சரியில்லை. ஆனாலும் ஒரே எடையை ஒரே காற்றில் தாங்க வேண்டிய கயிறுகள் வெகுதூரம் விலகியிருக்க வழியில்லை. இரண்டே தடிமனில் முழுக் கப்பலையும் கட்டிவிடுவதைவிட இது பல மடங்கு நேர்மையானது.

முறுக்கு கடைசி. இழைகளை ஒரு பக்கம் முறுக்கி, மூன்றைச் சேர்க்கும்போது எதிர்ப்பக்கம் திரிக்க வேண்டும். அப்போதுதான் ஒன்றையொன்று பூட்டிக்கொண்டு நிற்கும். பின்னல் நூல் எவ்வளவு அழகாக இருந்தாலும் இங்கே ஆகாது. பருத்தியில் பிசிறு எழுமே, பாலியஸ்டர் நல்லதல்லவா என்பார்கள். பிசிறு உண்மைதான்: சிறு அளவில் அது கயிற்றில் முள் முளைத்ததுபோலத் தெரியும். விளக்குச் சுடரின் ஓரமாக ஒரே வேகத்தில் இழுத்து, தேன்மெழுகில் ஒருமுறை ஓட்டினால் அடங்கிவிடும். மெர்சரைஸ்டு நூலானால் பிசிறும் குறைவு, அபகாவின் மினுமினுப்பும் கூடவே கிடைக்கும். பாலியஸ்டரின் பளபளப்பு வேறு மாதிரி. கயிறு என்று கண் நம்பாது.

பாய்கள் அடுத்த வாரம். அவற்றை நெய்தது லூசோன் தீவின் வடக்கே இலோகோஸ் பகுதித் தறிகளில், பருத்தியில். ஒரு மீட்டர் பாயைக் காட்ட நமக்குக் கிடைப்பது 13 மி.மீ. துணி, அதில் பாவும் ஊடையும் கண்ணுக்குத் தெரியலாமா கூடாதா என்பதிலிருந்து தொடங்குகிறேன்.