மலையுச்சியில் ஒரு கணக்குப்பிள்ளை

"நாலாம் மேட்டுச் சரிவில் ஒன்று!" யாரோ சத்தம் போட, பாறைகளில் குந்தியிருப்பவர்களின் பைனாகுலர்கள் எல்லாம் ஒரே பக்கம் திரும்புகின்றன. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், கிட்டட்டினி மலைத்தொடரில் இருக்கும் ஹாக் மவுண்டன் இது. உயரம் 1,521 அடிதான். எதிரே தெரியும் மேடுகளுக்கு ஒன்று முதல் ஐந்து வரை எண் வைத்திருக்கிறார்கள். வெறும் வானத்தில் ஒரு புள்ளியைப் பக்கத்தில் இருப்பவருக்குக் காட்ட முயன்றவர்களுக்கு அதன் அருமை புரியும். பாறையருகே ஒரு கம்பத்தில் ஆந்தை பொம்மை ஒன்று. சின்ன வல்லூறுகளுக்கு ஆந்தையைக் கண்டால் ஆகாது. தாழப் பாய்ந்து மிரட்டிவிட்டுப் போகும்; அந்த நேரத்தில் அடையாளம் பார்த்துக்கொள்ளலாம்.

குளிர்காலத்துக்கு முன் தெற்கே போகும் இரைகொல்லிப் பறவைகள் இந்த மலையைத் தேடி வரக் காரணம் காற்று. மலைத்தொடர் வடகிழக்கிலிருந்து தென்மேற்காக ஓடுகிறது. வடமேற்குக் காற்று அதன் மேல் மோதினால் மேலே ஏறுவதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை. ஏறும் காற்றின் மேல் சாய்ந்துகொண்டு, சிறகடிக்காமலே பறவை மைல்கணக்கில் சறுக்கிப் போய்விடும்.

அகன்ற சிறகுப் பருந்துக்கு இன்னொரு வித்தை உண்டு. காலை பத்து மணி வெயிலில் நம் மொட்டைமாடிக்கு மேல் பருந்து வட்டமிட்டபடியே உயர்வதைப் பார்த்திருப்பீர்கள். சூடான தரையிலிருந்து எழும் காற்றுத் தூண்தான் அதைத் தூக்குகிறது. இந்தப் பருந்தும் அப்படி ஏறி, உச்சியிலிருந்து அடுத்த தூணை நோக்கிச் சறுக்கும். மத்திய அமெரிக்காவுக்கும் அதற்கு அப்பாலும் போக வேண்டிய பறவை; வழியெல்லாம் சிறகடித்தால் உடம்பிலுள்ள கொழுப்பு எந்த மூலைக்கு?

ஒரே தூணில் நூற்றுக்கணக்கில் சுழலும்போது அதைக் 'கெட்டில்' என்கிறார்கள். கொதிக்கிற பானையைப் போலத்தான் இருக்கும். எண்ண ஆரம்பித்தால் தொலைந்தோம். மேலது கீழே தெரியும், எண்ணியது திரும்ப வரும், நடுவில் புதிதாகச் சில வந்து சேரும். அனுபவசாலி பேசாமல் காத்திருப்பார். உச்சிக்குப் போனவை ஒவ்வொன்றாக நூல் பிடித்தாற்போல வரிசையாகச் சறுக்கும். அப்போது எண்ணுவார், கூட்டம் அதிகமானால் ஐந்தைந்தாக, பத்துப்பத்தாக. 1978 செப்டம்பர் 14 அன்று இந்த ஒரே பாறையிலிருந்து எண்ணப்பட்ட அகன்ற சிறகுப் பருந்துகள் 21,448. இவை பிறகு போய்ச் சேரும் மெக்சிகோவின் வெராக்ரூஸில் கதையே வேறு. கடலுக்கு மேல் காற்றுத் தூண் சரியாக எழும்பாது, மறுபுறம் மலை. நடுவிலுள்ள குறுகிய சமவெளிக்கு மேலே நெருக்கியடித்து, ஓர் இலையுதிர் காலத்தில் 40 லட்சத்துக்கும் அதிகமான இரைகொல்லிகள் கடக்கின்றன.

ஹாக் மவுண்டனில் கணக்கு முதலில் துப்பாக்கியிடம்தான் இருந்தது. 1929இல் ஒருவகைப் பெரிய வல்லூறைக் கொன்றால் 5 டாலர் என்று மாநிலமே வெகுமதி அறிவித்திருந்தது. எந்தப் பறவையானால் என்ன என்று சுட்டுத் தள்ளினார்கள். 1932இல் ரிச்சர்ட் பாவ் அந்தச் சடலங்களைப் பொறுக்கி வரிசையாக வைத்துப் படமெடுத்தார். செய்தி நியூயார்க்கில் இருந்த ரோசலி எட்ஜ் என்ற பெண்மணியை எட்டியது. 1934இல் அவர் மலையையே குத்தகைக்கு எடுத்து, மோரிஸ் ப்ரௌன் என்பவரைக் காவலுக்கு அனுப்பினார். ப்ரௌன் வேட்டைக்காரர்களைத் திருப்பியனுப்பினார். பறவைகளை எண்ணியும் வைத்தார்.

எதற்கு உதவும் என்று தெரியாமலே எழுதிய கணக்கு அது. வெண்தலைக் கழுகுக்குத் தலை வெளுக்க நாலைந்து வருடமாகும். இளசின் தலையும் கரும்பழுப்பாக இருக்கும். ஆகவே தொலைவிலிருந்தே வயதைப் பிரிக்கலாம். 1935 முதல் 1939 வரை பார்த்த கழுகுகளில் 40 சதவீதம் இளசுகள். 1955–59இல் அது 20 சதவீதம். 1957இல் 32 பெரிய கழுகுகளுக்கு ஓர் இளசுதான். பெரியவை வந்துகொண்டே இருந்ததால், தலையை மட்டும் எண்ணியிருந்தால் இந்த ஓட்டை இவ்வளவு சீக்கிரம் கண்ணில் பட்டிருக்காது. ரேச்சல் கார்சன் 1962இல் 'மௌன வசந்தம்' நூலில் பூச்சிமருந்துக்கு எதிராக வைத்த சாட்சிகளில் இந்தக் கணக்கும் ஒன்று. மீன் வழியாகக் கழுகின் உடம்பில் சேரும் டிடிடி என்ற பூச்சிமருந்து முட்டையோட்டை மெலிய வைக்கிறது, அடைகாக்கும் தாயின் பாரத்திலேயே முட்டை நொறுங்குகிறது என்பது பின்னால் தெளிவானது. 1972இல் அமெரிக்கா டிடிடியைத் தடைசெய்தது. இன்று இதே பாறையைக் கடக்கும் வெண்தலைக் கழுகுகள் வருடத்துக்குச் சில நூறு.

எண் குறைந்தாலே ஆபத்து என்று முடிவுகட்டவும் முடியாது. செவ்வால் பருந்துகள் இங்கே குறைந்து வருகின்றன. குளிர் தணிந்ததால் பல வடக்கிலேயே தங்கிவிடுகின்றன என்பது ஒரு காரணம். காற்று மாறினால் கூட்டமே வேறு தடத்தில் போய்விடும். அதனால்தான் பறவையோடு காற்றின் திசை, வெப்பநிலை, எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதையும் மணிக்கு மணி எழுதுகிறார்கள். நவம்பர் குளிரில் ஒரு மணிநேரம் கண் பூத்துப் பார்த்தும் ஒன்றும் வரவில்லையா, அந்தக் கட்டத்தில் 0 விழும். பார்க்க ஆளே இல்லையென்றால் கட்டம் காலியாக இருக்கும். ப்ரௌன் கடற்படைக்குப் போயிருந்த 1943 முதல் 1945 வரை மூன்று இலையுதிர் காலங்கள் அப்படித்தான் காலியாகக் கிடக்கின்றன.