தாளில் பெயர் இல்லை, எண் உண்டு

கொச்சியில் தேவராவுக்கும் பேரண்டூருக்கும் இடையிலான கால்வாயில் ஒரு காலத்தில் வள்ளங்கள் ஓடின. பிறகு அதில் சாக்கடை கலந்தது. அதை மீட்கக் கட்டடக்கலை மாணவர் ஒருவர் வகுப்பில் திட்டம் வரைவதாக வைத்துக்கொள்வோம். பார்க்கப்போவது முதலாண்டிலிருந்தே அவரை அறிந்த நான்கைந்து ஆசிரியர்கள். 'சுமாரான பையன்' என்ற முத்திரை, தாளுக்கு முன்பே மேஜைக்கு வந்துவிடும்.

பல போட்டிகளில் அந்தத் தொல்லை இல்லை. தாளில் பெயரோ கல்லூரியோ இருக்கக்கூடாது, எண் மட்டுமே. பரிசு சிலருக்குத்தான். செலவும் கண்விழிப்பும் எல்லோருக்கும். இருந்தும், 1957ல் தொடங்கிய தேசியக் கட்டடக்கலை மாணவர் சங்கமான 'நாசா' (விண்வெளி நாசா அல்ல) நடத்தும் போட்டிகளுக்கு ஆண்டுதோறும் அணி அணியாகக் கிளம்புகிறார்கள். லூயி கான் கோப்பைக்காகப் பழைய ஊர்களை நாடா பிடித்து அளக்கிறார்கள்.

எண் என்ன செய்யும் என்பதற்கு மாயா லின் சாட்சி. வாஷிங்டனில் அமைக்கவிருந்த வியட்நாம் போர் நினைவுச்சின்னத்துக்கு 1981ல் 1,421 வடிவங்கள் வந்தன. நடுவர்கள் தேர்ந்தெடுத்தது 1026ஆம் எண்ணை. வரைந்தவர் யேல் பல்கலைக்கழக மாணவி, வயது 21. வகுப்பில் அந்த வடிவத்துக்குக் கிடைத்தது 'பி' கிரேடுதான். முடிவு வெளியானதும் எதிர்ப்பு கிளம்பியது. கறுப்புச் சுவர் பிடிக்கவில்லை என்றார்கள் சிலர். சிலருக்கு அவர் சீன வம்சாவளி என்பதே உறுத்தியது. ஆனால், தேர்வு அதற்குள் முடிந்துவிட்டிருந்தது. 1982ல் சுவர் எழுந்தது.