வாளையாரைத் தாண்டாத பறவைகள்

கோவையிலிருந்து பாலக்காடு போகிறவர்கள் வாளையாரில் இறங்கிப் பார்ப்பதில்லை. 2017இல் ஜிஎஸ்டி வரும்வரை அந்த ஊர் என்றாலே சோதனைச்சாவடியும், அதன் முன்னால் மணிக்கணக்கில் நின்ற லாரிகளும்தான். ஆனால் அதைவிடப் பழைய, அதைவிடக் கண்டிப்பான சாவடி ஒன்று அங்கே இன்றும் இருக்கிறது. அதில் மறிக்கப்படுவது மலைப்பறவைகள்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் மிகப்பெரிய முறிவு பாலக்காட்டுக் கணவாய். அதன் வடக்கு ஓரத்தில், மலையடிவாரத்தில் இருக்கிறது வாளையார். தெற்கே 30, 40 கிலோமீட்டர் தள்ளித்தான் ஆனைமலை மறுபடி எழுகிறது. வடக்கே தொட்டபெட்டா 2,637 மீட்டர். தெற்கே இடுக்கியில் ஆனைமுடி 2,695 மீட்டர். நடுவில் தரையின் உயரம் சில நூறு மீட்டர்தான். மிகப் பழைய பாறைப் பிளவு ஒன்று இந்த வழியாகத்தான் ஓடுகிறது. ரோமானிய நாணயங்கள் கோவைப் பக்கம் வந்ததும், 1862இல் சென்னை ரயில் பேப்பூரைத் தொட்டதும் இதே வழியில்தான்.

மனிதனுக்கு வாசலான இடம் சோலைப்பறவைக்குச் சுவர். குளிர்ந்த சோலைக்காட்டின் இருட்டிலேயே வாழ்ந்து பழகிய சிறு பறவை, பனைமரமும் முட்புதரும் நிற்கும் இந்த வெக்கைக் காட்டில் இறங்கவே இறங்காது. சிறகு இருந்து என்ன பயன்? விளைவை ஊட்டியிலும் மூணாறிலும் பார்க்கலாம். நீலகிரிச் சிரிப்பானுக்குக் கழுத்திலிருந்து வயிறுவரை செம்பழுப்பு நிறம். மூணாற்றில் கத்தும் பழனிச் சிரிப்பானுக்குத் தொண்டை சாம்பல். நீல நிறச் சோலைப்பறவைகளும் அப்படியே: கணவாய்க்கு வடக்கே ஓர் இனம், தெற்கே வேறோர் இனம். பறவையியலாளர் வி.வி. ராபினும் கூட்டாளிகளும் 23 மலைப்பறவை இனங்களின் மரபணுவை ஒப்பிட்டு 2015இல் வெளியிட்ட ஆய்வில், 10 இனங்கள் இந்தக் கணவாயால் இரண்டாகப் பிரிந்திருந்தன. தெற்கே உள்ள செங்கோட்டைக் கணவாய் இத்தனை இனங்களைப் பிரிக்கவில்லை. அது இவ்வளவு அகலமில்லை.

பறவை போகட்டும், யானை நடந்து கடந்துவிடாதா? எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் யானை ஆய்வாளர்கள் டி.என்.சி. வித்யா, ஆர். சுகுமார் குழு யானைச் சாணத்திலிருந்து மரபணு எடுத்துப் பார்த்தபோது, நீலகிரி யானைகளும் ஆனைமலை-பெரியாறு யானைகளும் தனித்தனியே நின்றன. 2005இல் வெளியான முடிவு இது. பெண் யானை தாய்க்கூட்டத்தை விட்டுப் போவதில்லை என்பதும் இந்தப் பிரிவுக்கு ஒரு காரணம். கொம்பன்தான் ஊர்விட்டு ஊர் அலையும். கொழிஞ்சாம்பாறை, சித்தூர், பொள்ளாச்சி என்று வயலும் தென்னந்தோப்பும் வாய்க்காலுமாகிவிட்ட தரையில் அதற்கும் இன்று வழியில்லை.

வாளையார் காட்டு யானைகள் வடக்குக் கூட்டத்தைச் சேர்ந்தவை. தெற்கே போக அல்ல, தண்ணீருக்கும் தீனிக்கும்தான் அவை கணவாய் வழியே போகும் ரயில் தண்டவாளத்தைக் கடக்கின்றன. 2021 நவம்பர் 26 இரவு, நவக்கரை அருகே ரயில் மோதி மூன்று யானைகள் இறந்தன. அதன்பின் தண்டவாளத்துக்கு அடியில் சுரங்கப்பாதைகள் வந்தன. 2024 பிப்ரவரியில் மதுக்கரையில் கேமரா கோபுரங்கள் இயங்கத் தொடங்கின. வெப்பத்தை உணரும் கேமரா இருட்டிலும் யானையை அடையாளம் காணும். செயற்கை நுண்ணறிவு நிரல் அது யானைதான் என்று உறுதிசெய்ததும் தகவல் வனத்துறைக்கும் ரயில்வேக்கும் போகும். ஓட்டுநர் வேகத்தைக் குறைப்பார்.